மூடிச் சரங்களும் அமுதா டீச்சரும்

செய்தி வந்தபோது நான் காட்டூரில் எங்கள் நாற்றங்காலில் நின்றிருந்தேன். "சார், அமுதா போயிட்டா சார்" என்றார் போனில் அமுதா டீச்சரின் கணவர். "எங்கே?" என்று கேட்டேன். மறுமுனையில் அவர் அழுத பிறகுதான் நான் கேட்டது என்னவென்று உறைத்தது. முந்தின நாள் மாலைவரை வகுப்பெடுத்தவர். மூளையில் இரத்தக் கசிவாம். எனக்கு இன்னும் விளங்கவில்லை.

தோணிரேவு பக்கத்தில் எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. நான் தலைமையாசிரியர், அவர் உடன் ஆசிரியை. வீடுகளில் வீசியெறியும் சோடா மூடி, ஷாம்பு பாட்டில், பழைய கல்யாணப் பத்திரிகை, அறுந்த வலைக்கயிறு எல்லாம் அவருக்கு வேண்டும். எனக்கோ அது குப்பை. ஒருநாள் சொல்லியும் விட்டேன். "குப்பைன்றது நாம வெச்ச பேரு சார். மூடிக்கு அது தெரியாது" என்றார்.

கழித்தல் கணக்கு என்றாலே வகுப்புக்கு வராமல் ஒளிந்துகொள்வாள் எங்கள் மாணவி கோமதி. அவளுக்கு நாற்பத்திரண்டிலிருந்து பதினேழைக் கழிக்க வரவில்லை. வலைக்கயிற்றில் பத்துப் பத்தாகக் கோத்த நான்கு மூடிச் சரங்களையும் இரண்டு உதிரி மூடிகளையும் அவள் முன்னால் வைத்தார் டீச்சர். "ஒரு சரத்தை அவுத்துடு. இப்ப உதிரி இன்னா ஆச்சு?" கோமதி எண்ணினாள். "பன்னெண்டு டீச்சர்!" அதன்பிறகு அவள் ஒளிந்ததில்லை. அதை ஜன்னல் வழியே பார்த்தவன் நான். பார்த்தும் அந்தத் தவறைச் செய்தேன்.

அதிகாரி ஆய்வுக்கு வரவிருந்த வாரம் டீச்சர் விடுப்பில் இருந்தார். வகுப்பறை மூலையில் அவர் சேர்த்துவைத்த மூடி, பாட்டில் மூட்டைகள் மூன்றும் அசிங்கமாகத் தெரிந்தன. பள்ளிக்குப் பின்னால் போட்டு எரித்துவிட்டேன்.

திங்கட்கிழமை வந்தவர், "இன்னா சார், மூட்டையைக் காணோம்?" என்றார்.

"யாராச்சும் எடுத்துப் போட்டிருப்பாங்க டீச்சர்."

அவர் பின்பக்கம் போய்ச் சாம்பலைப் பார்த்துவிட்டு வந்தார். அன்று மதியம், "இறால் தொக்கு சார், போட்டுக்குங்க" என்று வழக்கம்போல் டப்பாவை நீட்டினார். வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து மாலைகளில் மூடி கேட்டு வீடு வீடாகப் போனார். இரண்டே வாரம். பள்ளி வாசலுக்கே வராத தாய்மார்கள் முந்தானையில் மூடிகளோடு வகுப்பறைக்குள் வந்து உட்கார்ந்தார்கள். கம்பியைக் காய்ச்சித் துளையிட்டுக் கோத்தார்கள். "எனக்கும் கணக்கு சொல்லித் தா டீச்சர்" என்றாள் கோமதியின் அம்மா. அவர்களில் சிலர் இன்றும் வருகிறார்கள்.

அடக்கம் முடிந்ததும் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மூட்டை போனதாலதான் ஊரே பள்ளிக்கூடத்துக்குள்ள வந்துச்சு, அதுக்கு சாருக்குத்தான் நன்றி சொல்லணும்னு சொல்லிக்கினே இருப்பா. நீங்க இன்னா சார் பண்ணீங்க?"

"நான்தான் எரிச்சேன்" என்றேன்.

அவரை யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டார்.

எரித்தது நான்தான் என்று டீச்சருக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்தே மனதாரச் சொன்னாரா, கிண்டலாகச் சொன்னாரா? எப்படி யோசித்தாலும் பிடிபடவில்லை. அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அந்த ஒரு நன்றிதான். அதை ஏற்கும் தகுதி எனக்கில்லை. வேண்டாமென்று சொல்லவோ, அவர் இல்லை.