புளி போட்டுக் கழுவின காசு

பகையைச் சுமந்து திரிய எனக்கு வசதி கிடையாது. இரண்டாம் படிவத்தோடு பள்ளியை விட்டவன், ஒரு ஊரில் நிலைத்து நின்றதில்லை. ஜொகூரில் கட்டட வேலை, லாபுவானில் மீன் கிடங்கு, தாய்லாந்து எல்லை வரை லாரி. சம்பளம் கொடுக்காமல் ஓடிய முதலாளியையும், தூங்கும்போது காலணியைத் திருடிய கூட்டாளியையும் அந்தந்த ஊரிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். பினாங்கில் ஒரு காசு வியாபாரியை மட்டும் அப்படி விட முடியவில்லை. அவனை எங்கே போனாலும் கூட்டிக்கொண்டு போனேன்.

அம்மா இறந்தபோது நான் லாபுவானில் இருந்தேன். விமான டிக்கெட்டுக்குப் பணம் புரட்டி புக்கிட் மெர்தாஜாமில் அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது கருமாதியே முடிந்திருந்தது. அக்கா திட்டவில்லை. சாமி அலமாரியிலிருந்து ஒரு மஞ்சள் துணி முடிச்சை எடுத்துக் கையில் கொடுத்தார்.

"ஒனக்காக முடிஞ்சு வச்சது. நீ வந்து ஒரு எடத்துல தங்கிட்டா தண்ணீர்மலை முருகன் உண்டியல்ல போடறதா வேண்டிக்கிச்சு. நீயே போய்ப் போட்டுரு."

வேண்டுதலுக்கு எல்லாரும் சில்லறைக் காசைத்தான் முடிவார்கள். அம்மா தன்னிடம் இருந்ததிலேயே பெரியதை முடிந்திருந்தார். வெள்ளைக்காரன் காலத்து வெள்ளிக்காசு, ராஜா தலை போட்டது. ராஜாவின் கழுத்துக்குக் கீழே ஓரத்தில் எறும்பு கடித்த மாதிரி ஒரு சின்ன வெட்டு.

நான் உண்டியலில் போடவில்லை. வந்தேனே தவிர எங்கே தங்கினேன்? வேண்டுதல் பலிக்காதபோது முருகனுக்கு எதற்குக் கூலி? இது என் கணக்கு. காலில் ஆணி குத்திய புண் வேறு ஆறாமல் இருந்தது, வேலைக்குப் போக முடியாமல் கையில் பணமில்லை. காசை எடுத்துக்கொண்டு ஜார்ஜ்டவுனில் ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தைக்குப் போனேன்.

அங்கேதான் அவன் இருந்தான். நம் ஆள்தான். கழுத்தில் சங்கிலி போட்டுப் பூதக்கண்ணாடியைத் தொங்கவிட்டிருப்பான். எல்லாரும் பாஸ் என்று கூப்பிடுவார்கள். பழைய காசுகளை வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்கு அனுப்பித் தரம் பார்த்து வாங்குவது அவன் தொழில். அவர்கள் காசைப் பார்த்து, ஒரு நம்பர் எழுதி, பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடி அனுப்புவார்கள். நம்பர் ஏற ஏற மதிப்பு. காசில் ஓட்டை, பெரிய கீறல், யாராவது தேய்த்துக் கழுவிய அடையாளம் இருந்தால் நம்பர் கிடையாது. குறையை மட்டும் எழுதிவிடுவார்கள். அதன்பிறகு அதை எவனும் சீண்ட மாட்டான். இதையெல்லாம் அவன் பொறுமையாகத்தான் சொன்னான். அதில் குறை சொல்ல மாட்டேன்.

"தம்பி, யாராச்சும் தேச்சிருக்காங்களா?" என்று என் காசைக் கண்ணாடியில் பார்த்தபடியே கேட்டான்.

"முடிஞ்ச காசு பாஸ். வேண்டுதல் முடியற வரைக்கும் யாரு அவிழ்ப்பா? கையே பட்டிருக்காது."

காசை வாங்கி அனுப்பி வைத்தான். மாதங்கள் கழித்துப் பெட்டி வந்தது. நம்பர் இல்லை. கழுவப்பட்டது என்று எழுதியிருந்தது.

என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். மேசையைச் சுற்றி ஆட்கள் நிற்கும்வரை காத்திருந்து, பெட்டியைத் தூக்கிக் காட்டினான்.

"கையே படாத காசாம்லா! இவங்கம்மா பூசைச் சொம்பு வெளக்கறப்ப இதையும் சேத்துப் புளி போட்டு வெளக்கியிருக்கு. முருகனுக்கு முடிஞ்சத அவுத்து அவுத்துப் பாத்திருக்கு போல. சாமியவே ஏமாத்துன ஆளு, நம்மள விடுமா?"

சிரித்தார்கள். பக்கத்தில் கைக்கடிகாரம் விற்கும் சீனக் கிழவர் தமிழ் புரியாமலேயே சிரித்தார். "பெட்டிக்காரன் எழுதினா வேதமா?" என்று கத்தினேன்.

"வேதம்தான். பெட்டி சொன்னா சொன்னதுதான். நீயும் நானும் யாரு?"

அதோடும் விடவில்லை. காசையும் என்னையும் படம் பிடித்து, 'புளி போட்டுக் கழுவின காசு' என்று எழுதி, காசு சேர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டான். அன்றிலிருந்து என் பெயர் புளிக்காசு. ஜுருவில் பழைய கார் விற்கும் இடத்தில் எனக்குப் பாலிஷ் போடும் வேலை கிடைத்தது. அங்கே கார் பார்க்க வந்த ஒருவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க அந்தப் புளிக்காசு அண்ணேதானே?" என்றான்.

என்னைத் திட்டியிருந்தால் துடைத்துப் போட்டிருப்பேன். நான் கேட்காத திட்டா? செத்துப்போனவரை, சாமியை ஏமாற்றியவர் என்றான். அந்த வார்த்தையை அவன் அதே மேசையில், அதே ஆட்கள் முன்னால் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஜுருவில் கிடந்த சுத்தியலால் பெட்டியை உடைத்துக் காசை வெளியே எடுத்தேன். பழைய துணியிலேயே முடிந்து அக்காவிடம் கொண்டுபோனேன். நடந்ததைச் சொன்னதும் அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அம்மா கழுவும்டா."

"என்னது?"

"தைப்பூசத்துக்கு முன்னால வருசா வருசம். துணி நைஞ்சு போயிரும்ல? அவுத்து, காசத் தேச்சு, புதுசா மஞ்சள் நனைச்சுக் கட்டும். அவுக்கக் கூடாதும்மான்னு நான் சண்ட போட்டிருக்கேன். 'அழுக்குத் துணியில கெடந்தா முருகன் கண்ணுல எப்படிப் படும்? மறந்துருவாருல்ல'ன்னு கேட்டுச்சு."

காசை வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். கறுப்புக் காரை அழுக்குத் துணியால் துடைத்தால் வெயிலில் வட்ட வட்டமாக மெல்லிய கோடுகள் தெரியும். அதே கோடுகள், ராஜா முகம் முழுக்க. அம்மாவின் விரல் போன வழி. அவன் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது.

உள்ளே வந்து கேட்டேன். "எதைப் போட்டுத் தேச்சது? புளியா?"

"விபூதி."

"பாத்தியா? புளி இல்ல!"

"ஆமா, ரொம்ப முக்கியம்," என்று அக்கா எழுந்து போனார்.

இந்த இடத்தில் நல்லவனாக இருந்தால் பகையை விட்டிருப்பான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காசு கழுவியதுதான். அதற்காக அம்மா ஏமாற்றுக்காரி ஆகிவிடுவாரா? வருடம் தவறாமல் முருகனுக்கு ஞாபகப்படுத்தியவரை அவன் அப்படிச் சொன்னான். கண் சரியாக இருப்பவனுக்கு வாய் எப்படியும் இருக்கலாமா?

அதன்பிறகு காசை அக்காவிடமே விட்டுவிட்டுப் பகாங்கில் செம்பனைத் தோட்டத்துக்குப் போய்விட்டேன். முதுகு பிடித்துக்கொண்டு திரும்பி வந்தபோது, சாமி அலமாரியில் அக்கா நனைத்துக் கட்டிய மஞ்சள் ஈரத்திலும் சாம்பிராணிப் புகையிலும் கிடந்த காசு வேறு நிறத்துக்கு மாறியிருந்தது. ஓரமெல்லாம் தங்க நிறம், நடுவில் கத்தரிப்பூ நிறம். கோடுகளைத் தேடினேன், கண்ணில் படவில்லை. நான் திட்டம் போட்டுச் செய்ததல்ல. பார்த்த பிறகுதான் திட்டம் போட்டேன்.

பழைய காருக்கு மறுபடி பாலிஷ் போட்டுச் சேர்த்த பணத்தில், கோலாலம்பூரில் வேறொரு ஆள் வழியாக அதே கம்பெனிக்கு அனுப்பினேன். இந்த முறை நம்பரோடு வந்தது. நல்ல நம்பர். கழுவியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதே காசு, அதே கம்பெனி. யார் கண்ணோ, என்ன நேரமோ.

பாஸ் அக்காவைப் பார்த்ததில்லை. சந்தைக்குக் கூட்டிப் போனேன்.

"பொய் சொல்லச் சொல்லாத. நான் சொல்ல மாட்டேன்."

"பொய் எதுக்கு? நல்ல காசான்னு கேளு, போதும்."

நான் கோப்பிக் கடையில் நின்றுகொண்டேன். அக்கா பையிலிருந்து பெட்டியை எடுத்து வைத்தார். அவன் கண்ணாடியைக் கண்ணில் வைத்தான். வைத்தவன் எடுக்கவில்லை.

"அக்கா, எங்கேருந்து வந்துச்சு இது?"

"எங்கம்மா வச்சிருந்தது. நல்ல காசாண்ணே?"

"நல்ல காசாவா? எல்லாரும் வந்து பாருங்கலா! கைபடாத காசுன்னா இது. கழுவியிருந்தா இந்த நெறம் வருமா? ஒங்கம்மா வெவரமான ஆளுக்கா. பொக்கிசமாக் காப்பாத்தியிருக்கு."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பா அழுகையா, எனக்குத் தெரியவில்லை. கோப்பியைக் கையில் பிடித்துக்கொண்டே போய் மேசை முன்னால் நின்றேன்.

"எனக்கும் அதே அம்மாதான் பாஸ்."

என்னைப் பார்த்தான். காசைப் பார்த்தான். "இது வேற காசு," என்றான்.

வாட்ஸ்அப் குழுவில் அவன் போட்ட காசுப் படத்தைத் திறந்து, கைத்தொலைபேசியைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். கடிகாரக் கிழவர் எட்டி, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். ராஜாவின் கழுத்துக்குக் கீழே எறும்பு கடித்த வெட்டு. பெட்டியைப் பார்த்தார். அங்கேயும் அது இருந்தது.

"சாமா லா," என்றார். இரண்டும் ஒன்றுதான்.

யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள். "பாஸ், இப்ப எது வேதம்? மொதப் பெட்டியா, ரெண்டாவது பெட்டியா?"

அவன் என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னான். "கழுவினதுதான் தம்பி. ஒனக்கும் தெரியும்."

"சத்தமாச் சொல்லுங்க பாஸ்."

சொல்ல முடியாது. அவன் முன்னால் தட்டு நிறைய அதே கம்பெனிப் பெட்டிகள். ஒரு ஆள் அதில் ஒன்றை வாங்கலாமா என்று கையில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தான். கழுவினது என்றால் அவன் விற்கும் பெட்டி பொய். கழுவவில்லை என்றால் என் அம்மாவைப் பற்றிச் சொன்னது பொய். அவன் முகத்தில் இரண்டும் மாறி மாறிப் போவதைப் பார்த்தபடி கோப்பியைக் கடைசிச் சொட்டு வரை குடித்தேன். அப்படி ஒரு கோப்பியை நான் அதற்கு முன் குடித்ததில்லை.

"அம்மாவச் சொன்னது?" என்று கேட்டேன்.

"ஏதோ வாய் தவறிப் போச்சுலா."

தரையைப் பார்த்துச் சொன்னான். பக்கத்தில் நின்றவனுக்குக்கூடக் கேட்டிருக்காது. பழித்தபோது இருந்த சத்தத்தில் பாதிகூட இல்லை. பெட்டியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். கையில் வைத்துப் புரட்டிய ஆள் அவன் பெட்டியை வாங்காமல் கீழே வைத்துவிட்டுப் போனான்.

இப்போது ஜுருவில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் படகேறிப் பினாங்குத் தீவுக்குப் போகிறேன். அவன் தட்டின் நடுவில் பெட்டியை வைத்து, "பாஸ், இது கழுவினதா, கழுவாததா?" என்று கேட்கிறேன். அவன் மற்ற பெட்டிகளை அடுக்க ஆரம்பிப்பான். வாடிக்கையாளர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். சில ஞாயிறு அவன் வருவதேயில்லை. நான் காத்திருந்து பார்த்துவிட்டுத்தான் வருவேன்.

தைப்பூசம் நெருங்கும்போதெல்லாம் அக்கா ஆரம்பித்துவிடுவார். "அதான் வந்து தங்கிட்டியே. ஒரே வேலை, ஒரே அறை. அம்மா கேட்டது நடந்துருச்சு. போய்ப் போட்டுரு."

"பெட்டியோட உண்டியல் வாய்ல போகாதுக்கா."

"ஒடச்சுப் போடு. ஒனக்குத்தான் ஒடைக்கத் தெரியுமே."

உடைத்தால் நம்பர் போய்விடும். பெட்டியில்லாமல் அந்த மேசையில் வைத்தால் அது வெறும் கழுவின காசு. வாய் விட்டு, நிமிர்ந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, அம்மாவைப் பற்றிச் சொன்னது தப்பென்று அவன் சொல்லட்டும். சுத்தியல் ஜுருவில் என் கட்டிலுக்கு அடியிலேயே இருக்கிறது. முருகன் காத்திருப்பார், அம்மா அவரைப் பழக்கி வைத்திருக்கிறார்.