ஆமாங்க என்று சொல்லிப் பழகியவள்

ரெத்னோவதியின் வாயில் "இல்லை" என்ற சொல் பிறந்ததே கிடையாது. நாளைக்கே துணி வேண்டும் என்று கல்லூரிப் பிள்ளைகள் கேட்டால் "ஆமாங்க, ஆயிடும்" என்பாள். பிறகு அவளும் கணவன் பர்யந்தோவும் ஆளுக்கொரு இஸ்திரிப் பெட்டியோடு மல்லுக்கட்டுவார்கள். சோலோ நகரத்தில் அவள் நடத்திய சலவைக் கடைக்கு இதனாலேயே நல்ல பெயர்.

துணி வாங்க வரும் பிள்ளைகள் பேசிக்கொள்வதைக் கேட்டுக் கேட்டு அவளுக்கும் ஆசை வந்து, பிள்ளை பெற்ற வயதில் மாலைக் கல்லூரியில் சமூகவியல் சேர்ந்தாள். எல்லாத் தாளும் தேறிவிட்டாள். கடைசியில், செய்த ஆய்வைப் பற்றிய வாய்மொழித் தேர்வுதான் எமனாக நின்றது. ஒருமுறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். இம்முறையும் தவறினால் பெயரையே நீக்கிவிடுவார்கள். இத்தனை வருடப் படிப்பும் மண்ணாகிவிடும்!

முதல்முறை தவறியதற்கு அவள் வெள்ளை மனசே காரணம். தெருவில் ஒரு கல்யாணம் என்றால் அந்தத் தெருப் பெண்கள் அத்தனை பேரும் வேலையை விட்டுவிட்டுச் சமைக்கப் போக வேண்டும். அது அங்கே எழுதாத சட்டம். அந்தப் பெண்கள் மனசார வருகிறார்களா என்பதுதான் அவளுடைய ஆய்வு. கேள்வியை எங்கே கேட்டாள் தெரியுமா? கல்யாணச் சமையல்கட்டிலேயே, எல்லோரும் சுற்றி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போது!

"இதென்னடி கேள்வி? சந்தோஷமாத்தான் வர்றோம்!" என்றாள் தெருத் தலைவரின் மனைவி இபு கர்சோனோ, அதாவது கர்சோனோ அம்மாள்.

"ஆமாமா, சந்தோஷம்தான்" என்றது மொத்தச் சமையல்கட்டும், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"ஒரே ஆள் சொன்னதை ஊரே சொன்னதா எழுதிட்டு வந்திருக்கீங்களேம்மா!" என்று தேர்வு நடத்திய பேராசிரியர் பாக் விர்யவான் தாள்களைத் தள்ளிவிட்டார். ஐயா என்பதை அங்கே பாக் என்பார்கள்.

வீட்டுக்கு வந்து அழுதாள், பாவம். பர்யந்தோ அவள் தலையைத் தடவிக்கொடுத்தான். மறுநாள் முதல் அவனே வாத்தியார். இஸ்திரி போட்டபடி பாடத்தை ஒப்பிப்பாள்: கேள்வியிலேயே பதிலை ஊட்டக் கூடாது, பெரியவர் எதிரில் சின்னவரிடம் கேட்கக் கூடாது, தனியாகக் கேட்க வேண்டும்.

"இன்னிக்கு நான் வெச்ச சூப் ரொம்ப நல்லா இருந்துச்சுதானே?" என்றான் பர்யந்தோ.

"அது பதிலை ஊட்டுற கேள்வி மாஸ். செல்லாது." கணவனை அங்கே மாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அப்போ எப்படிக் கேக்கணுமாம்?"

"சூப் எப்படி இருந்துச்சுன்னு கேளுங்க."

"எப்படி இருந்துச்சு?"

ரெத்னோவதி தலையைக் குனிந்துகொண்டாள். "நல்லாத்தான் இருந்துச்சுங்க."

"பொய்! உப்பே போடலடி நான்!" என்று அவன் சிரிக்க, சட்டைக் காலர் தீய்ந்து போனதுதான் மிச்சம்.

பிறகு ஒவ்வொரு பெண்ணாகத் துணி வாங்க வரும்போது, தனியாக உட்காரவைத்து, தேநீர் கொடுத்துக் கேட்டாள். அப்போதல்லவா மனசுகள் திறந்தன! "இடுப்பு ஒடியுதுக்கா. ஆனா போகலேன்னா நாளைக்கு என் பொண்ணு கல்யாணத்துக்கு யாரு வருவா?" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி பேச்சே எடுக்காமல் விசும்பினாள். இபு கர்சோனோகூடக் குரலைத் தாழ்த்தி, "எனக்கும் முட்டி வலிதான். தலைவர் பொண்டாட்டி அதைச் சொல்லலாமா?" என்றாள்.

தேர்வு நாள் வந்தது. தேர்வுக்கென்றே கறுப்புப் பாவாடை, வெள்ளைச் சட்டை. பர்யந்தோ வராந்தாவில் நின்றுகொண்டான். எல்லாம் ஒழுங்காகத்தான் சொன்னாள். கடைசியில் பாக் விர்யவான் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கனிவாகக் கேட்டார்:

"எங்கம்மா காலத்துல இருந்து பாக்குறேன். நம்ம பொம்பளைங்க இந்த வேலையைச் சந்தோஷமாத்தானே செய்யுறாங்க. இல்லையாம்மா?"

"ஆமாங்க பாக்" என்றாள் ரெத்னோவதி.

ஐயோ! சொன்ன மறுகணமே அவள் முகம் வெளுத்தது. இடுப்பு ஒடிந்தவளும் விசும்பியவளும் கண்முன் வந்து நின்றார்கள். அத்தனை பேர் நம்பிச் சொன்னதை ஒரே வார்த்தையில் அழித்துவிட்டாளே! பேராசிரியர் பேனாவைத் திறந்தார். நரைத்த தலை, தந்தை வயது. அவரை எதிர்த்துப் பேசுவதா?

"மன்னிக்கணும் பாக்..." கண்ணீர் பொலபொலவென்று உதிர்ந்தது. "இப்ப நான் ஆமாங்கன்னு சொன்னதைக் கணக்குல எடுத்துக்காதீங்க. கேக்குறவர் பெரியவர்ங்கறதால வந்த பதில் அது. அன்னிக்குச் சமையல்கட்டுல எல்லாரும் சொன்னதும் இப்படித்தான். தனியா கேட்டப்போ அவங்க சொன்னது வேற. நீங்க நினைக்கிறது... சரி இல்லைங்க பாக்."

அவளை வெளியே அனுப்பினார்கள். பர்யந்தோ அவள் கையைப் பற்றிக்கொண்டான்.

திரும்ப அழைத்தபோது பாக் விர்யவான் எழுந்து நின்றுகொண்டிருந்தார். "தேறிட்டீங்கம்மா" என்றார். "ஆராய்ச்சி முறைன்னு நான் வருஷக்கணக்கா வகுப்புல கத்துறதை, கண் எதிர்லேயே நடத்திக் காட்டிட்டீங்க."

அவள் விம்மி விம்மி அழுதாள். அவர் வாசல்வரை வந்தார். பிறகு தயங்கி, குரலைத் தணித்துச் சொன்னார்:

"எங்க வீட்டம்மாவும் ஒரு கல்யாணச் சமையல் விடமாட்டா. நான் கேட்டா, சந்தோஷம்னுதான் சொல்றா."

"நீங்க கேக்காதீங்க பாக்" என்றாள் ரெத்னோவதி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "துணி குடுக்க என் கடைக்கு அனுப்பிவைங்க."