காஜா பெராங் கடையில் ஓடிய சிடி

மலாக்காவிலிருந்து போர்ட்டிக்சனுக்குத் திரும்பும் வழியில், நகரின் காஜா பெராங் பகுதியில் ஒரு சாப்பாட்டுக் கடை முன் காரை நிறுத்துகிறோம். எங்கள் மூன்று வயது மகள் மீனாவுக்கு இன்று காலைதான் அங்கே காது கேட்கும் கருவி பொருத்தினார்கள். யார் கூப்பிட்டும் அவள் திரும்பவில்லை. பழகுவதற்கு நாளாகும் என்றார் டாக்டர். என் மனைவி காரிலும் அவளைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள்.

கடைக்காரர் ஒரு சிடியைப் போடுகிறார். கோடைக்கால நடன இசைத் தொகுப்பு. அட்டையில் நீலக் கடல். பாட்டு வரிகள் இல்லை, இதமான தாளம் மட்டும். மீனா கையிலிருந்த ரொட்டி சானாயைக் கீழே வைக்கிறாள். அவள் தலை ஸ்பீக்கர் பக்கம் திரும்புகிறது.

"அண்ணே, பாட்டைக் கொஞ்சம் அடைங்களேன்," என்கிறேன்.

"சத்தம் கூடவா? மகன் வாங்கிட்டு வந்தது லா."

"இல்லண்ணே, பிள்ளைக்குக் கேக்குதான்னு பாக்கணும்."

அவர் உடனே நிறுத்துகிறார். மீனா இசையைத் தேடிச் சுற்றுமுற்றும் பார்க்கிறாள். மறுபடி போட்டதும் நாற்காலியிலிருந்து இறங்கி, இடுப்பை ஆட்டி ஆடத் தொடங்குகிறாள்.

"கேக்குது லா, தங்கச்சி," என்று கடைக்காரர் என் மனைவியிடம் சொல்கிறார்.

அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுகிறாள். பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து, மீனா ஆடுவதற்காக நாற்காலிகளை ஓரமாக நகர்த்துகிறார்கள்.