ஊசி மேல் போட்ட பழி

சிசேரியன் ஆன நான்காம் நாளே என் இடுப்பு வலிக்குக் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். ஆபரேஷனுக்கு முன் முதுகுத்தண்டில் போட்ட மயக்க ஊசிதான். கடலூரில் அம்மா வீட்டுக்குக் குழந்தை பார்க்க வந்தவர்கள் என் ஊசிக் கதையைக் கேட்காமல் திரும்பியதில்லை. பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னபோது அது விரல் நீளம். நெல்லிக்குப்பத்து அத்தை வந்தபோது ஒரு சாண். குறிஞ்சிப்பாடிச் சித்தப்பாவுக்குக் கையை விரித்தே காட்டினேன். மனிதர் பாதிக் காபியைக் கீழே வைத்துவிட்டார்.

ஆனால் வலி பொய்யில்லை. தொட்டிலில் மகள் அழுதால் என்னால் தூக்க முடியாது. “நீ தூக்காதடி, இடுப்பு போயிடும்” என்று அம்மா ஓடி வருவாள். அவளே தூக்கித் தோளில் போட்டுத் தட்டி, பால் கொடுக்க மட்டும் என் மடியில் விடுவாள். குடித்து முடித்ததும் வாங்கிக்கொண்டு போய்விடுவாள். எனக்குப் பொறாமையாக இருந்தது, அதுவும் பெற்ற தாய் மேல். வெளியில் சொல்ல வெட்கமாக இருந்ததால் அந்தக் கோபத்தையும் ஊசி மேலேயே போட்டேன்.

மூன்றாம் மாதம் சிதம்பரத்துக்கு, கணவர் வீட்டுக்குப் போனேன். துணைக்கு அம்மாவும் வந்தாள். அங்கே பிசியோதெரபி செய்யும் பெண்ணிடம் கதையை முதலிலிருந்து சொன்னேன். பொறுமையாகக் கேட்டவர், “ஊசிய நீங்க பாத்தீங்களா மேடம்?” என்றார்.

“முதுகுல போட்டத எப்படிங்க பாக்க முடியும்?”

சொன்ன பிறகுதான் என் பேச்சு என் காதிலேயே விழுந்தது.

“ஊசி போட்ட எடம் கொஞ்ச நாள் வலிக்கும். இப்படி ஜாஸ்தியாயிட்டே போவாது. பாப்பாவுக்கு எப்படிப் பால் குடுக்கறீங்க, காட்டுங்க.”

காட்டினேன். குழந்தையை மடியில் கிடத்தி, அதன் மேல் கூனிக் கவிழ்ந்து, முகத்தையே பார்த்துக்கொண்டு. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அப்படித்தான். அவள் என்னிடம் இருக்கும் நேரமே அதுதானே, முழுசாகப் பார்த்துவிட வேண்டாமா?

“நீங்க பாப்பாகிட்ட போவாதீங்க, பாப்பாவ ஒங்ககிட்ட கொண்டாங்க” என்று மடியில் இரண்டு தலையணையும் முதுகுக்கு ஒன்றும் வைத்தார். முழங்காலை மடக்கி, நெஞ்சோடு அணைத்துத் தூக்கவும் சொல்லிக்கொடுத்தார். பாவம் அந்த ஊசி.

மூன்று வாரம் பயிற்சி செய்தேன். ஒரு நாள் அம்மா குளிக்கப் போயிருந்தபோது மகள் அழுதாள். சொல்லிக்கொடுத்தபடி தூக்கினேன். வலிக்கவில்லை. போட்டியில் கப் ஜெயித்தவள் மாதிரி நிமிர்ந்து நின்றேன். அவளோ என் நைட்டியில் முகத்தைத் தேய்த்துப் பால் தேடினாள். சற்று முன்புதான் வயிறு முட்டக் குடித்திருந்தாள். நான் தூக்கினால் அது பாலுக்குத்தான் என்று பழகியிருந்தாள். அவளுக்கு நான் பால்காரி. எனக்கு அழுகை வந்துவிட்டது.

காலண்டரைக் காட்டினேன். ஃபிரிட்ஜைத் திறந்து காட்டினேன். ஜன்னலில் நின்று தெருவில் போன ஆட்டோவைக் காட்டினேன். வீட்டை மூன்று சுற்று சுற்றிய பிறகு, தேடுவதை விட்டுவிட்டு என் தோளில் தலையைச் சாய்த்தாள்.

ஈரத் தலையோடு ஓடி வந்த அம்மா இரண்டு கையையும் நீட்டினாள். “குடுடி, இடுப்பு புடிச்சிக்கப் போவுது.”

“தரமாட்டேன் போ” என்றேன். எனக்கு அப்போது முப்பத்தொரு வயது.