அறுபது மீட்டர் ஆழத்துக் காற்று

காஜிமார் தெரு பரீத் முதன்முதலில் கடலைப் பார்த்தபோது அவனுக்கு இருபத்தோரு வயது. அதுவரை அவனுக்குத் தெரிந்த ஆழமெல்லாம் அலங்காநல்லூர்ப் பக்கத்துத் தோட்டக் கிணறுகள்தான். மோட்டார் விழுந்த கிணற்றில் மூச்சடக்கி இறங்கி, கயிறு கட்டிவிட்டு மேலே வருவான். அந்த நெஞ்சுரத்தை நம்பி வளைகுடாவில் ஒரு கம்பெனி அவனைக் கப்பலின் அடிப்பாகம் சுரண்ட எடுத்துக்கொண்டது. பத்து வருடத்தில் கடலுக்கடியில் அறுபது மீட்டரில் குழாய் பூட்டுகிறவனாகிவிட்டான்.

2004 கோடையில் அவன் மதுரையில் இருந்தான். வந்து எட்டு மாதம். ஒரு கேஸ் கடையில் சேர்ந்து கே.கே. நகர் ஆஸ்பத்திரிகளுக்கு ஆக்சிஜன் சிலிண்டர் இறக்கிக்கொண்டிருந்தான். சோற்றில் கை வைத்தபடி திடீரென்று மூச்சை நிறுத்திவிடுவான். மனைவி அப்சானா தோளைத் தட்டினால்தான் விடுவான். என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பான். ஆழத்தில் உடம்புக்கு எடை கிடையாது, தன் மூச்சு குமிழாகி மேலே போகும் சத்தம் மட்டுந்தான் கேட்கும், அங்கே எவனும் உன் பேரையும் தெருவையும் விசாரிப்பதில்லை என்பதையெல்லாம் வைகை மணலையே பார்த்து வளர்ந்தவளுக்கு எப்படிச் சொல்வது?

அவன் ஊருக்கு வந்தது விருமாண்டியால். உசிலம்பட்டிக்காரன், வளைகுடாவில் அவனோடு ஒரே அறையில் ஆறு வருடம் கிடந்தவன்.

அந்த ஆழத்தில் சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் அதிலுள்ள நைட்ரஜன் சாராயம்போல மூளைக்கு ஏறும். அதைக் குறைக்கத்தான் ஹீலியம் கலக்கிறார்கள். எவ்வளவு கலந்திருக்கிறது என்று காட்டக் கைக்கு அடக்கமான ஒரு கருவி உண்டு. இறங்குகிறவன் தன் சிலிண்டரைத் தானே அளந்து கையெழுத்திட வேண்டும் என்று கம்பெனிச் சுவரில் மூன்று மொழிகளில் ஒட்டியிருந்தது. ஆனால் கம்பெனியின் கருவி ஒன்றே ஒன்று, சூப்பர்வைசரின் பூட்டிய அலமாரியில். வெள்ளைக்காரர்கள் ஆளுக்கொன்று சொந்தமாகப் பையில் வைத்திருந்தார்கள். நம் ஆட்களுக்கு அது மூன்று மாதச் சம்பளம். ஒவ்வொருவனும் சொந்தமாக வாங்கத்தான் வேண்டுமா, ஒன்றைப் பொதுவில் வைத்துக்கொண்டால் போதாதா என்று சாப்பாட்டு மேசையில் பேச்சு நடக்கும். பொதுவில் இருந்தால் போதும்தான். ஆனால் எவன் உயிர் கீழே போகிறதோ அவன் கைக்கு எட்டாத பொருளுக்குப் பொது என்று பேரில்லை.

அதனால் தமிழ் ஆட்கள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். ஆக்சிஜனைப் பார்க்கப் பழைய மீட்டர் ஒன்று கிடைத்தது. ஹீலியத்துக்கு, சிலிண்டரைத் திறந்து நாலு இழுப்பு இழுத்து ஊர்ப்பேர் ஒன்றைச் சொல்வது. குரல் மெலிந்து கீச்சென்று வந்தால் கலவை சரி. அதில் பரீத்தின் காதுதான் கூர்மை என்று பேர். அன்று விருமாண்டியின் சிலிண்டரையும் அவன்தான் இழுத்து, “மாட்டுத்தாவணி” என்று சொல்லிக் காட்டினான். எல்லாரும் சிரித்தார்கள். விருமாண்டி இறங்கினான்.

கீழே அவன் குடித்தவனைப்போல ஒரே நட்டைத் திருகிக்கொண்டே இருந்தான். பிறகு எதையோ கண்டு மிரண்டு, இடையிடையே நின்று ஏற வேண்டியவன் ஒரே மூச்சில் மேலே வந்துவிட்டான். இரத்தத்தில் குமிழ் கட்டி இடது கால் செயலிழந்தது. சிலிண்டரை அளக்காமல் இறங்கியது தொழிலாளியின் குற்றம் என்று கம்பெனி ஒரே பத்தியில் முடித்துக்கொண்டது. எல்லாம் ஆண்டவன் விட்ட வழி என்றார்கள் ஆறுதல் சொல்ல வந்தவர்கள். அலமாரிச் சாவி ஆண்டவனிடமா இருந்தது?

விருமாண்டியைக் கூட்டிக்கொண்டு வந்த பரீத் திரும்பிப் போகவில்லை. சிலிண்டரில் ஏதோ கோளாறு என்றே நினைத்திருந்தான், மே மாதம் ஒரு டாக்டர் வீட்டுப் பிறந்தநாளுக்குப் பலூன் காற்று கொண்டுபோகும்வரை. லாபத்துக்காகக் கடை முதலாளி ஹீலியத்தில் பாதிக்குப் பாதி சாதாரணக் காற்றைக் கலந்திருந்தார். பலூன்கள் நாற்காலி உயரத்துக்கு மேல் எழும்பவில்லை. டாக்டரின் மகள் இந்துப்ரியா ஒரு பலூனை உறிஞ்சிப் பேசினாள். குரல் கீச்சென்றுதான் வந்தது. பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். பரீத்தும் ஒன்றை உறிஞ்சி, “மாட்டுத்தாவணி” என்று சொல்லிப் பார்த்தான். ஹீலியம் இருக்கிறது என்று குரல் சொல்லும். எவ்வளவு என்று சொல்லாது.

அந்த வாரமே கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. ஆழத்தில் பெரிய வேலை, உடனே கிளம்பவும். சட்டைப்பையில் அதை வைத்துக்கொண்டு ஆனையூருக்குப் போனான். அங்கே விருமாண்டி டெலிபோன் பூத் நடத்திக்கொண்டிருந்தான். பலூன் கதையை முழுக்கச் சொல்லி, அன்று தவறியது தன் காதுதான் என்றான். கடிதத்தையும் எடுத்து மேசையில் வைத்தான்.

விருமாண்டி தன் இடது காலைக் கையால் தூக்கி நகர்த்தி வைத்துக்கொண்டான்.

“நீ மாட்டுத்தாவணின்னு சொன்னதக் கேட்டு கடலுக்குள்ள எறங்கிருக்கேன் பாரு மாப்ள, என்னைய மாதிரி கேணப்பய ஒருத்தன் இருப்பானா” என்றான். பிறகு கடிதத்தைப் பார்த்து, “போகணும்னு இருக்கா?”

“இருக்கு.”

“எம்புட்டு?”

பரீத் கடிதத்தை எடுத்து மடித்தான். விருமாண்டி கம்பெனி எண்ணைச் சுழற்றி ரிசீவரை நீட்டினான்.

பரீத் கேட்டது ஒன்றே. அலமாரி திறந்திருக்க வேண்டும். எல்லாரும் தத்தம் சிலிண்டரை அந்தக் கருவியில் அளந்த பிறகே இறங்குவார்கள். சொந்தக் கருவி வாங்கிக்கொண்டு வா, யாரும் தடுக்கவில்லை என்றார் மேனேஜர். முடியாதென்றால் உன் இடத்தில் இறங்க மேலூர் காளை தயாராக இருக்கிறான், அவன் எதையும் கேட்பதில்லை. வாரேன் என்ற சொல் பரீத்தின் நாக்கு நுனிவரை வந்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே விருமாண்டி ஊன்றுகோலால் ஒரு நாயை விரட்டிக்கொண்டிருந்தான்.

“அப்ப நான் வரல சார்.”

வைத்துவிட்டு, ஆட்கள் தங்கும் அறைக்கு மறுபடி எண்ணைச் சுழற்றிக் காளையைக் கூப்பிட்டான். குரலை நம்பாதே என்று பலூன் கதையை அவனுக்கும் சொன்னான்.

“கேட்டா வேலை போயிருமேண்ணே.”

“தனியாக் கேக்காத. நம்ம ஆளுக பதினோரு பேரும் சேந்து போய் அலமாரி முன்னாடி நில்லுங்க. அம்புட்டுப் பேரையும் ஊருக்கு அனுப்ப முடியாது.”

பேசிப் பார்க்கிறேன் என்றான் காளை. சொல்ல வேண்டியது முடிந்துவிட்டது. பரீத் ரிசீவரை வைக்கவில்லை. கட்டண மீட்டரில் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. உள்ளே எட்டிப் பார்த்த விருமாண்டி, மீட்டரைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனான்.

“காளை, தண்ணி இப்ப எப்படிக் கெடக்கு? கீழ எம்புட்டுத் தூரம் தெரியுது?” என்று கேட்டுவிட்டு, பரீத் கண்களை மூடிக்கொண்டான்.