பூபாலன் இலங்கைக்குப் பை தூக்கிய கதை

சனிக்கிழமை காலையில் ஜமுனாமரத்தூரில் வந்து இறங்கும் மகராசர்களைப் பார்த்தால், கீழே நாட்டில் ஏதோ பஞ்சம் வந்துவிட்டது என்றுதான் நினைப்பீர்கள். முழங்காலில் கிழிந்த பேன்ட், நாலு நாள் தாடி, முதுகில் ஆளை விடப் பெரிய பை. அந்தக் கிழிசல் பேன்ட்டின் விலைக்கு மலையில் ஒரு குடும்பம் ஒரு மாதம் சாப்பிடலாம். இறங்கியதும் டீக்கடையில் ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேசுவார்கள். கேட்டால் பட்ஜெட் பயணமாம். வீட்டில் பஞ்சு மெத்தையைப் போட்டுவிட்டு, காசு கொடுத்துப் பாறையில் படுக்க வருகிற ஜனங்கள்.

நான் குறை சொல்லக் கூடாது. அவர்களால்தான் என் அடுப்பு எரிகிறது. எனக்குச் சொந்த ஊர் அடிவாரத்தில் படவேடு. பெயர் கோகுல்ராஜ். மேலே ஒரு கடை போட்டு, கூடாரம், படுக்கைப் பை, டார்ச் லைட் எல்லாம் வாடகைக்கு விடுகிறேன். வழி காட்ட, சோறாக்க, காலில் ஒட்டிய அட்டையைப் பிடுங்க, மூச்சு வாங்கும் சீமான்களின் பைகளைத் தூக்க, எல்லாவற்றுக்கும் ஒரே ஆள், பூபாலன். மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். வயது நாற்பத்தொன்று. இரண்டு ஏக்கர் சாமை, பதினான்கு புளியமரம். முதுகில் இரண்டு பை, மார்பில் ஒன்று என்று மாட்டிக்கொண்டு ஏறுவார். பின்னால் வெறுங்கையோடு வருகிறவர்கள் தண்ணீர் கேட்பார்கள்.

இந்தப் பூபாலன் தன் சாமானுக்கென்று ஒருநாளும் தோளில் பை மாட்டமாட்டார். சந்தைக்குப் போனாலும் சம்பந்தி வீட்டுக்குப் போனாலும் கல்யாணத்தில் கொடுத்த மஞ்சள் பைதான். மஞ்சள் பை வைத்திருப்பவனை யாரும் சந்தேகப்படுவதில்லை. பத்திரிகை வைக்க வந்திருக்கிறான் என்று நினைத்து வேண்டுமானால் ஒளிந்துகொள்வார்கள்.

காரணம் இருந்தது. நாலு வருடத்துக்கு முன்னால் அவரும் ஊர்க்காரர்கள் மூன்று பேரும் திருப்பதிக்கு மொட்டை போடப் போனார்கள். ஆளுக்கு ஒரு தோள்பை. ஆந்திர எல்லை தாண்டியதும் ஒரு சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி ஆதார் அட்டை கேட்டார்கள். விலாசத்தில் ஜவ்வாது மலை என்று இருந்தவர்களை மட்டும் இறக்கினார்கள். மலைக்காரன், தோளில் பை, போகிற திசையில் காடு. செம்மரம் வெட்டத்தான் போகிறான் என்று முடிவு கட்ட வேறென்ன வேண்டும்? பையில் சாமைச் சோறும் துண்டும் இருந்தன. கோடாலியை எங்கே ஒளித்தாய் என்று இரண்டு நாள் கேட்டார்கள். மூன்றாம் நாள் ஒன்றும் கிடைக்காமல் விட்டார்கள். வேண்டுதல் முடி அப்படியே தலையில் இருக்க, பூபாலன் ஊர் திரும்பினார்.

அதற்குப் பிறகு, மலையில் பலருக்கு இருக்கும் ஒரு பழக்கம் அவரையும் பிடித்துக்கொண்டது. காக்கிச் சட்டையைக் கண்டால் போதும், யாரும் கேட்பதற்கு முன்பே பஸ்ஸை விட்டு இறங்கி, இருக்கிற பையைத் திறந்து வைத்து, ஒரு ஓரமாக நிற்பார். முந்திக்கொண்டால் கேள்வி குறையும் என்பது கணக்கு.

இந்த மனிதரிடம்தான் போன வருடம் சென்னையிலிருந்து வந்த நவீன்குமார் என்ற கம்ப்யூட்டர்காரர் உபதேசம் செய்தார். அருவிக்கரையில் பூபாலன் ஆக்கிப் போட்ட சாமைச் சோற்றை மூன்று தட்டு தின்றுவிட்டு, "நீங்களும் ஒரு தடவை ஸ்ரீலங்கா போய்ட்டு வாங்கண்ணா. செலவே ஆகாது. சும்மா ஒரு பைய மாட்டிக்கினு கெளம்பிட வேண்டிதான்" என்றார். சொன்னதோடு நிற்காமல், ஜிப் பழுதான தன் பழைய பையையும் தானம் செய்துவிட்டுப் போனார். குப்பைத்தொட்டி தூரத்தில் இருந்தது ஒரு காரணமாக இருக்கலாம்.

சும்மா ஒரு பையை மாட்டிக்கொண்டு கிளம்புவது. அந்தப் பேச்சு பூபாலனை ஒரு வாரம் தூங்கவிடவில்லை. ஜிப்பைத் தைத்து வாங்கிக்கொண்டு கடைக்கு வந்தார்.

"தம்பி, நான் அந்தத் தீவுக்குப் போறேங்க."

"இன்னாண்ணா, வெயில்ல நின்னியா?" என்றேன்.

"எம் பைய நான் மாட்டிக்கினு, ஒருத்தனும் இன்னா கீது உள்ளனு கேக்காம, ஒரு பத்து நாள் நடக்கணும் தம்பி. இங்க ஆவாது. அங்க என்ன யாருக்குத் தெரியும்?"

சிரிப்பதற்கு வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன்.

அவர் மனைவி செவ்வந்தி மூடவில்லை. "அவனவன் நம்ம மலைக்கு வந்து கஷ்டப்படக் காசு குடுக்கறான். நீ கஷ்டப்படறதுக்குக் கடல் தாண்டிப் போறியா? இங்கயே படு, டிக்கெட்டு மிச்சம்" என்றாள். ஆனாலும் ஒரு புளி சீசன் பணத்தை எடுத்து அவளே கொடுத்தாள். திருப்பதியிலிருந்து திரும்பி வந்த ஆளைப் பார்த்தவள் அவள்தான்.

மலையில் உறவுக்காரர் வீட்டுக்குப் போனால் ஒரு படி சாமை கொண்டுபோவது வழக்கம். வெறுங்கையோடு போவது மரியாதை இல்லை. ஒரு வீட்டுக்கு ஒரு படி என்றால் ஒரு நாட்டுக்கு எத்தனை படி? பூபாலன் யோசித்து நாலு படியாக முடிவு செய்தார். அதோடு இரண்டு கிலோ புளி, ஒரு பாட்டில் தேன். மாற்றுத் துணிக்கு மிஞ்சிய இடத்தில் ஒரு சட்டையும் லுங்கியும் நுழைந்தன.

கொழும்பு விமான நிலையத்தில், சுங்கத்தாரிடம் சொல்ல ஒன்றும் இல்லாதவர்கள் போக ஒரு வழி, சொல்ல வேண்டியது இருக்கிறவர்களுக்கு ஒரு வழி. தங்கக்கட்டியைச் செருப்பில் வைத்துக்கொண்டு வருகிறவனெல்லாம் முதல் வழியில் கை வீசிப் போவான். நம் ஆள் சீருடையைப் பார்த்ததும் நேரே மேஜைக்குப் போய்ப் பையைக் கொட்டிவிட்டார். அதிகாரி கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தவர். எதிரில் சாமை மலைபோலக் குவிவதைப் பார்த்து எழுந்து நின்றுவிட்டார். தேனுக்கு மட்டும் விதியில் இடம் இல்லையாம். மற்றதை அள்ளிக்கொண்டு தயவுசெய்து போகும்படி கேட்டுக்கொண்டார்கள். உலகத்திலேயே ஒரு பயணியை வெளியே போகச் சொல்லிக் கெஞ்சியது அன்றைக்குத்தான் இருக்கும்.

பட்ஜெட் பயணத்தில் பூபாலனை அடிக்க ஆள் இல்லை. ரயிலில் மூன்றாம் வகுப்பு, எட்டுப் பேர் படுக்கிற விடுதியில் மேல்கட்டில், அங்கிருந்த பொது அடுப்பில் சாமைக் கஞ்சி. வெள்ளைக்காரப் பிள்ளைகள் ஆறு மாதம் புத்தகம் படித்துப் பழகிய சிக்கனம் இவருக்குப் பிறவியிலேயே வந்திருந்தது. கஞ்சியை வாங்கிக் குடித்துவிட்டுக் கண் சொருகினார்களாம். எங்கள் மலையில் அதையே ரேஷன் அரிசி தீர்ந்தால் குடிப்பார்கள்.

எல்லாம் சரி. பை மட்டும்தான் சரிப்படவில்லை. மூன்றாம் நாள் ஹட்டனிலிருந்து நுவரெலியா போகும் பஸ்ஸை வழியில் போலீஸ் நிறுத்தியது. அங்கேயும் காக்கிதான். பாவி மக்கள், ஒரு நீலமோ பச்சையோ உடுத்தியிருக்கக் கூடாதா! அவர்கள் கேட்டது டிரைவரின் லைசென்ஸை. இறங்கியது பூபாலன். தேயிலைத் தோட்டத்து ஓரமாகத் துண்டை விரித்து, சாமை, புளி, சட்டை, லுங்கி எல்லாவற்றையும் வரிசையாக எடுத்து வைத்துவிட்டுக் கையைக் கட்டி நின்றார்.

கண்டக்டர் தோட்டத்துத் தமிழர். "என்ன அண்ணே, கடை போடுறீங்களா?" என்று கேட்டார்.

அதற்குள் பஸ்ஸிலிருந்த வெளிநாட்டுக் கூட்டம் உள்ளூர்ச் சந்தை என்று நினைத்து இறங்கிவிட்டது. ஒரு பெண் லுங்கிக்கு விலை கேட்டாளாம். ஒருத்தன் புளி உருண்டையை முகர்ந்து பார்த்துப் படம் பிடித்தான். பின்னால் நாலு வண்டி ஹாரன் அடித்தது. போலீஸ்காரர் ஓடிவந்து சிங்களத்தில் ஏதோ கத்தினார். கண்டக்டர் மொழிபெயர்த்தார்.

"டூரிஸ்ட் எல்லாம் ஏன் இறங்கினீங்கன்னு கேக்குறார். ஒங்க பையை யாரு கேட்டதுன்னு கேக்குறார். அள்ளிக்கிட்டு ஏறட்டுமாம்."

அன்று சாயங்காலம் பூபாலன் போனில் இதைச் சொன்னபோது நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "யாரு கேட்டதுன்னு கேட்டான் தம்பி, போலீசுக்காரன்" என்று இரண்டு தடவை சொன்னார்.

மறுநாள் எல்ல என்கிற ஊருக்குப் போகும் வழியில் மறுபடியும் இறங்கிவிட்டார். ஆனால் பையைத் திறக்கவில்லை, கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். ஆறாம் நாள் கடற்கரைப் பக்கம் போகும் பஸ்ஸில் ஒரு காக்கி ஏறி, ஆட்களைப் பார்த்துக்கொண்டே கடைசிவரை நடந்தது. பூபாலன் இரண்டு கையாலும் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். காக்கி அவர் பக்கத்தில் நின்றது, பையை ஒரு பார்வை பார்த்தது, காலை வழியிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டு இறங்கிப் போனது.

போன் வந்தது. "தம்பி, இன்னிக்கு எறங்கலங்க."

"அய்யோ, ஸ்டாப்ப வுட்டுட்டியாண்ணா?"

"இல்ல தம்பி. எறங்கல. அவ்ளோதான்."

மீதி மூன்று நாளும் கடற்கரையில் பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு மதியம் முழுக்கத் தூங்கினாராம். கடல் எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, "பெருசாத்தான் கீது, ஆனா மேல ஏறி நின்னு பாக்க ஒரு மேடு இல்ல" என்றார். பூமியில் ஒரு குறை கண்டுபிடிக்காமல் இந்த மலைக்காரர்கள் ஒரு இடத்திலிருந்தும் வரமாட்டார்கள்.

திரும்பி வந்த அன்று நான் சரக்கு வாங்கப் போளூர் போயிருந்தேன். பஸ் நிலையத்தில் அவரைப் பார்த்து எனக்கே அடையாளம் தெரியவில்லை. கறுத்த முகம், பத்து நாள் தாடி, துணித் தொப்பி, முதுகில் விமான நிலையத்துச் சீட்டு ஒட்டிய பை. என்னிடம் ஐந்து ரூபாய் பேரம் பேசாததுதான் குறை. ஒரே பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து மலையேறினோம். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். பூபாலன் இவ்வளவு பேசுவார் என்று பத்து வருடத்தில் எனக்குத் தெரியாது.

பாதி மலையில் சோதனைச் சாவடி. காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் ஏறினார். எனக்குத் தெரிந்தவர்தான். தொப்பியையும் பையையும் பார்த்ததும் குரல் குழைந்தது.

"சார் எங்கர்ந்து வர்றீங்க?"

"இலங்கைலர்ந்துங்க."

"அடேயப்பா! இங்க ட்ரெக்கிங்கா சார்?"

"இல்லீங்க, வூட்டுக்குப் போறேன். ஜமுனாமரத்தூருக்கு மேல நாலு மைலு."

அந்த 'சார்' அங்கேயே செத்துப்போனது. "மலைக்காரனா? எறங்கு. பைய எடுத்துனு கீழ வா."

பூபாலனின் கால் தானாகவே பாதி எழுந்தது. நான் பார்த்தேன். பிறகு உட்கார்ந்தது.

"எல்லாரையும் எறக்குங்க, நானும் எறங்கறேன்" என்றார். "இல்லனா இங்கயே பாத்துக்கோங்க."

"இன்னா, பிளேன்ல போய்ட்டு வந்தா பெரிய ஆளாய்ட்டியா?" என்றார் காக்கி. பூபாலன் இறங்கவில்லை. கடைசியில் காக்கிதான் குனிந்தார். ஜிப்பை இழுத்து எல்லாவற்றையும் சீட்டில் கொட்டினார். அழுக்குச் சட்டை, ஈர லுங்கி, காலிச் சாமைப் பை, செவ்வந்திக்கு வாங்கிய தேயிலைப் பொட்டலம். பொட்டலத்தைப் பிரித்தும் பார்த்தார். கோடாலி இல்லை.

இப்போது என்னைப் பற்றி. என் மடியிலும் ஒரு பை இருந்தது, அவருடையதை விடப் பெரியது. அதில் இருநூறு பிளாஸ்டிக் தம்ளர். மலைக்கு மேலே கொண்டுபோகக் கூடாதென்று அந்தச் சாவடியிலேயே ஆளுயரத்துக்குப் பலகை வைத்திருக்கிறார்கள். பத்து வருடமாக அந்தப் பலகையைத் தாண்டி அதைத்தான் கொண்டுபோகிறேன். இதுவரை எந்தக் காக்கியும் என் பையைத் தொட்டதில்லை.

காக்கி என் பக்கம் திரும்பினார். "கோகுல் சார், இவன் உங்க ஆளுதான? கொஞ்சம் சொல்லி வைங்க."

என் பையைத் திறந்து காட்டியிருக்கலாம். "சரிங்க" என்றேன்.

பூபாலன் துணிகளை ஒவ்வொன்றாக மடித்து உள்ளே வைத்தார். கொட்டிய தேயிலையைச் சீட்டிலிருந்து வழித்துப் பொட்டலத்தில் போட்டார். அதற்கப்புறம் ஜமுனாமரத்தூர் வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

எப்போதும் பஸ் நின்றதும் என் கையிலிருக்கும் சுமையை நான் கேட்காமலே வாங்கிக்கொண்டு முன்னால் நடப்பவர் அவர். அன்றும் என்னை அறியாமல் பையை அவர் பக்கம் நீட்டிவிட்டேன். அதைப் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"திங்கக்கெழம வேலைக்கு வர்றேன் தம்பி" என்று சொல்லிவிட்டு, தன் பையை மட்டும் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார்.