உள்ளே விட்ட துணி

என் தங்கை ஜமீலாவின் இடக்கையைக் கெடுத்தது தீயல்ல. நான்தான்!

கொச்சி மட்டாஞ்சேரியில் அன்று என்னைவிடக் கச்சிதமாகத் தைக்கும் டெய்லர் கிடையாது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. அந்தக் கர்வத்துக்கும் இந்தக் குற்றத்தில் பங்குண்டு.

எண்பதுகளின் தொடக்கம். மண்ணெண்ணெய் ஸ்டவ் வெடித்து அவள் கை வெந்தது. புண் ஆறியது, ஆனால் ஆறிய இடம் சிவந்து, தடித்து, மேலெழும்பத் தொடங்கியது. கிழிசல் மூடிய பிறகும் நிறுத்தாமல் இழையோட்டுவதுபோல் உடம்பு சதையைக் குவிக்கிறதாம். விடாமல் அழுத்தினால் அடங்குமாம்.

"நிங்கள் டெய்லரல்லே? எலாஸ்டிக் துணியில கைக்கு ஒரு உறை தச்சுக் கொடுக்கணும். ராவும் பகலும் போடணும், ஒரு வருஷம். லூஸ் ஆகக் கூடாது, கேட்டோ!" என்றார் டாக்டர்.

தைத்தேன். ஆனால் தொழில் பழக்கம்... பின்னால் பிரித்துக்கொள்ளலாமென்று தையலுக்கு உள்ளே துணி விட்டே தைத்தேன்.

அரிப்பிலும் இறுக்கத்திலும் அவள் அழுதாள். "சகிக்க முடியலண்ணே. டாக்டர்கிட்ட கேட்டுப் பாரேன்."

நான் கேட்கவில்லை. "டாக்டர் சம்மதிச்சாச்சு" என்று பொய் சொல்லி, விரல் நுழையுமளவு தையலைப் பிரித்துத் தளர்த்திவிட்டேன். துணியைப் பற்றி எனக்குத் தெரியாததா அவருக்குத் தெரிந்துவிடப் போகிறது!

ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் மட்டும் மறுபடி பிடித்துத் தைப்பேன். துவைத்ததில் தொய்ந்துவிட்டது என்று அவளிடம் சொல்வேன். டாக்டர் உறையை இழுத்துப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைப்பார். வீடு திரும்பி அவள் அழத் தொடங்கியதும் மறுபடி பிரித்துவிடுவேன்.

தழும்பு கயிறாகத் திரண்டது. முழங்கை மடங்கியபடியே நின்றது. பிறகு தழும்புக்குள்ளேயே ஊசி போட்டார்கள். அவள் அலறியது வராந்தா வரை கேட்டது. தழும்பு சற்று மெத்தென்றானது. கை நிமிரவில்லை. "சிலரோட தோல் அப்படி" என்றார் டாக்டர். அவளும் அதையே நம்பினாள்.

ஒழுங்காகப் போட்டிருந்தாலும் எழும்பியிருக்குமோ? இருக்கலாம். அதை அறியும் வழியையே அடைத்தவன் நான். அவளிடம் சொன்னேனா? இல்லை... உங்களிடம்தான் சொல்கிறேன்.

நேற்று ஜாக்கெட் துணியோடு வந்தாள். மடங்கிய கையால் அதை மேசைமேல் வைத்தாள்.

"முழுக்கை வை அண்ணே. உள்ள துணி விட்டுத் தை, பின்ன பிரிச்சுக்கலாம்."

"சரிம்மா" என்றேன். அவள் சொன்னபடியேதான் தைத்துக்கொண்டிருக்கிறேன்.